சிறைக்கு பிளான் போடலாமா? அண்ணாச்சி பதில்கள்

சிறைக் கட்டுமானம் பற்றிய கேள்விகளுக்குப் பாளையங்கோட்டைக் கட்டடக் கலைஞர் ஒருவர் பதில் சொல்கிறார்.

தென்காசி: அண்ணாச்சி, சிறை வேலை வந்தால் எடுக்கலாமா?

எடுங்கள். எதை வரைய மாட்டேன் என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மரண தண்டனைக் கூடம், சித்திரவதைக்கான இடம், நீண்ட தனிமைச் சிறை மூன்றையும் தன் உறுப்பினர்கள் வரையக் கூடாது என்று அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் 2020-இல் விதி போட்டது. 2014-இல் இதே விதியைக் கேட்டு வந்த கோரிக்கையை நிராகரித்தவர்களும் அவர்கள்தான். எது நீண்ட தனிமை என்பதற்கு, கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் ஐ.நா.வின் மண்டேலா விதிகள் அளவு சொல்கின்றன: தினம் 22 மணி நேரமோ அதற்கு மேலோ அர்த்தமுள்ள மனிதத் தொடர்பில்லாமல், தொடர்ந்து 15 நாளைத் தாண்டினால்.

அம்பாசமுத்திரம் மாணவி: புராஜெக்டுக்குப் பாளை மத்திய சிறை பிளான் கிடைக்குமா?

கிடைக்காது, கேட்கவும் வேண்டாம். சிறை வரைபடத்தை யாரும் யாருக்கும் அனுப்பாதீர்கள். மத்திய அரசின் 2016 மாதிரிச் சிறைக் கையேடு போதும்மா.

வள்ளியூர் என்ஜினியர்: விதிப்படி கட்டினால் போதாதா?

பலர் சேர்ந்து தூங்கும் கொட்டடியில் ஆளுக்கு 3.71 சதுர மீட்டர் என்கிறது கையேடு. ஜன்னலை மேற்கே வைத்தாலும் அந்தக் கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் மே மாதம் நம்மூரில் மேற்குச் சுவர் ராத்திரி வரை அனல் கக்கும். வீட்டுக்காரர் என்றால் திண்ணைக்கு வந்துவிடுவார், பூட்டிய கைதி எங்கே போவார்? கக்கூஸ் அரைச்சுவரும் அப்படித்தான். வார்டருக்குத் தலை தெரிந்தால் போதும், உட்கார்ந்தவரின் தோள் வரை சுவர் வரட்டும். அந்தக் கோட்டைப் போடுவது நாம்தான். 'ஆபீசர் சொன்னார், போட்டேன்' எடுபடாது.

மானூர்: நாம் மறுத்தால் வேறொருவர் வரையத்தானே போகிறார்?

நாங்குநேரி: அதே கேள்வி.

வரையட்டும். உங்கள் கையெழுத்து அதில் இருக்காது.

கடையநல்லூர்: நல்ல சிறை கட்டினால் இன்னும் நிறைய பேரை அடைப்பார்கள். எல்லாச் சிறையையும் மறுப்பதே நேர்மை.

பாதி ஒத்துக்கொள்கிறேன். இடம் இருந்தால் ஆள் நிரம்பும். 2022 கணக்கில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள், தீர்ப்பே வராதவர்கள். ஆனால் ஜாமீனுக்குக் காத்திருப்பவருக்கு இன்றைக்கு ராத்திரியே காற்று வேண்டுமே?

மறுபடியும் கடையநல்லூர்: அப்போ அந்தக் காசை ஜாமீனுக்கும் சட்ட உதவிக்கும் செலவழிக்கச் சொல்லுங்கள்.

சொல்லலாம், சொல்லவும் வேண்டும். 500 பேருக்கு இடம் என்று வேலை வந்தால், அதில் எத்தனை பேர் ஜாமீன் தொகை கட்ட முடியாமல் இருப்பவர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் கேள்வி ஃபைலில் ஏறிவிடும். அதற்காக ஜன்னலை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

களக்காடு: சிறைக்கு வாஸ்து உண்டா?

அடுத்த கேள்வி.

பணகுடி: கிளைச் சிறை டிராயிங் அனுப்புகிறேன், பார்த்துச் சொல்வீர்களா?

அனுப்பாதீர்கள் என்று மேலேதானே சொன்னேன்! உங்கள் செயற்பொறியாளரிடம் காட்டுங்கள்.