அழுது நீலம் பாய்வது வலிப்புதானா?

சகோதரி, பொம்மையைப் பிடுங்கியதும் ஒன்றரை வயது மகன் வீறிட்டு அழுது, மூச்சடங்கி, உதடு நீலமாகித் துவண்டான், கைகால் இரண்டு முறை வெட்டியது என்கிறீர்கள். இந்த வரிசைதான் முக்கியம். அழுகை, பிறகு நீலம், கடைசியில் மயக்கமும் வெட்டும் என்றால் பெரும்பாலும் அது மூச்சடக்கம், அதாவது அழுகையின் வேகத்தில் மூச்சு தன்னையறியாமல் சற்று நின்றுபோவது. பொதுவாக ஒரு நிமிடத்துக்குள் தெளிந்துவிடும். கால்கை வலிப்பு பெரும்பாலும் எந்தத் தூண்டுதலும் இன்றி, தூக்கத்தில்கூட வரும். பிறகு குழந்தை அசந்து கிடக்கும்.

ஆனாலும் குழந்தைநல மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு மூச்சடக்கத்தைத் தூண்டலாம். அரிதாக இதயத் துடிப்புக் கோளாறும் இப்படித் தோன்றும் என்பதால் இதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் இ.சி.ஜி. சோதனை பற்றிக் கேளுங்கள். மறுபடி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், உலுக்காதீர்கள், கையில் இரும்புச் சாவி திணிக்காதீர்கள். வேறொருவர் கைபேசியில் படம்பிடிக்கட்டும். மருத்துவருக்கு அது பெரிய உதவி. வெட்டு 5 நிமிடம் நீடித்தால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.