வரமா, சாபமா என்று கேட்டால்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் சேலத்தில் ஒரு பட்டிமன்றம் கேட்டேன். தலைப்பு, ‘உலகமயம்: வரமா, சாபமா?’ இரண்டு அணியும் நன்றாகவே பேசின. பயன்படுத்துவோர் கையில்தான் எல்லாம் இருக்கிறது என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். கைதட்டிவிட்டுக் கலைந்தோம். எனக்கு ஏற்காட்டில் கொஞ்சம் காப்பித் தோட்டம், ஊடுபயிராக மிளகு. காப்பி விலை நியூயார்க்கில் முடிவாகிறது. அதைப் பற்றி நாம் இங்கே பேசி என்ன ஆகப்போகிறது?

ஒரு வாசகர், ஏற்காடு

அன்புள்ள நண்பருக்கு,

அந்தத் தலைப்பில் யார் பேசினாலும் அப்படித்தான் முடியும். உங்கள் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காப்பியே கடல் கடந்து வந்த பயிர். 1820களில், சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் கொண்டுவந்தார். இருநூறு ஆண்டுகளாக உலகச் சந்தைக்குள் இருக்கும் மலையிடம் உலகச் சந்தை வேண்டுமா என்று கேட்பது வீண் வேலை. எந்த விதியின்படி, யார் எழுதிய விதியின்படி என்று கேட்க வேண்டும்.

நியூயார்க் விலை வானத்திலிருந்து விழுவதில்லை. ஏற்றுமதி நாடுகளுக்கு ஒதுக்கீடு வைத்து விலையைத் தாங்கிப் பிடித்த சர்வதேச காப்பி ஒப்பந்தம் ஒன்று இருந்தது. 1989 ஜூலையில் அந்த ஒதுக்கீட்டு முறை முறிந்தது, விலை சரிந்தது. காப்பி வாரியமே மொத்தமாக வாங்கி விற்கும் முறை 1990களின் நடுவில் இங்கே முடிவுக்கு வந்தது. அதனால் லாபம் பார்த்த தோட்டக்காரர்களும் உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். இரண்டும் மனிதர்கள் உட்கார்ந்து எடுத்த முடிவுகள்.

மிளகைப் பாருங்கள். மண்டியில் வியாபாரி லிட்டர் படியில் அள்ளி, தலைதட்டி, தராசில் வைப்பார். 550 கிராம் நின்றால் ஒரு விலை, 500க்குக் கீழே இறங்கினால் வேறு விலை. இத்தனை நுணுக்கமாக நிறுக்கப்படும் சரக்கின் விலையை எங்கோ கையெழுத்தான ஒரு தாள் தலைகீழாக்கிவிடுகிறது. இலங்கையோடு 1998இல் கையெழுத்தான தடையற்ற வணிக ஒப்பந்தம் 2000இல் நடைமுறைக்கு வந்தது. வியட்நாம் மிளகு இலங்கைச் சரக்கு என்ற பெயரில் குறைந்த வரியில் நுழைகிறது என்று குடகு விவசாயிகள் விடாமல் பேசினார்கள். 2017 டிசம்பரில் மத்திய அரசு இறக்குமதி மிளகுக்குக் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச விலை வைத்தது, அதற்குக் கீழான விலையில் இறக்குமதி கூடாது என்று. பிரச்சினை அத்தோடு தீர்ந்துவிடவில்லைதான். ஆனால் பேச்சு அசைத்தது. வரமா சாபமா என்று அவர்கள் பேசியிருந்தால் ஒன்றும் அசைந்திருக்காது.

எனக்கு ஆறாத கோபம் ஒன்றில் உண்டு. நம் நாட்டில் பன்னாட்டு ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கட்டாயமில்லை. அமைச்சரவை முடிவெடுத்துக் கையெழுத்திடலாம். உழுகிறவனுக்குச் செய்தி வருவதற்குள் வரி இறங்கிவிடுகிறது. இந்த நிலையில் ஊர்க்கூட்டத்தையும் வேண்டாம் என்று நாமே கைவிட்டால், எங்கே போய்க் கேட்பது?

சேலத்தில் அப்படிப்பட்ட பேச்சு நடந்திருக்கிறது. 1944 ஆகஸ்டில் இதே ஊரில் கூடிய நீதிக்கட்சி மாநாட்டில், ஆங்கிலேயர் கொடுத்த பட்டங்களைத் துறக்க வேண்டும் என்ற அண்ணாதுரை தீர்மானம் வந்தது. கட்சியே திராவிடர் கழகமாக மாறியது. அங்கே கையைத் தூக்கியவர்களுக்கு இழக்க ஏதோ ஒன்று இருந்தது. பட்டிமன்ற மேடையில் யாருக்கும் எதுவும் போவதில்லை.

அடுத்த கிராம சபையில் மிளகு இறக்குமதி வரியை மட்டும் எடுத்துப் பேசுங்கள், தீர்மானமாக எழுதிப் பதிவு செய்யுங்கள். காப்பிப் பழம் பறிக்கும் பெண்களையும் பேச அழையுங்கள். விலை ஏறிய ஆண்டில் எங்கள் கூலி ஏறியதா என்று அவர்கள் உங்களிடமே கேட்பார்கள். அதற்கும் பதில் எடுத்துக்கொண்டு போங்கள்.