திராட்சைத் தளிரில் ஓட்டை: பூச்சியா, மழையா?

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. வீட்டுக்குப் பின்னால் பந்தல் போட்டு ஆறு பன்னீர் திராட்சைக் கொடி வளர்க்கிறேன், நாலு வருஷமாகிறது. தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது கொடியையும் கவாத்து பண்ணினேன். பத்து நாளில் தளிர் அழகாக வந்தது. மூன்றாவது வாரத்தில் இலையெல்லாம் ஓட்டை ஓட்டையாகி, நுனி கருகி, தண்டில் கறுப்புப் புண் வந்துவிட்டது. கடையில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். மூன்று முறை அடித்தும் நிற்கவில்லை. இது என்ன பூச்சி? அடுத்த கவாத்துக்கு முன்னால் என்ன செய்ய வேண்டும்? தோட்டத்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நாற்றுப் பண்ணையில் இருபது வருஷம் வேலை செய்தவள் நான். மருந்து கலக்கத் தெரியும்.

பதில்: அக்கா, நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இது பூச்சி இல்லை. பறவைக்கண் நோய் என்கிற பூஞ்சணம். பூச்சி மருந்து இதை ஒன்றும் செய்யாது. உங்கள் காசும் முதுகு வலியும்தான் மிச்சம்.

இலையில் ஓட்டை என்றாலே பூச்சி என்று நினைப்பது இயல்பு. கடைக்காரரும் அப்படித்தான் நினைத்திருப்பார். ஆனால் ஓட்டையின் விளிம்பைப் பார்த்தால் போதும், யார் வேலை என்று தெரிந்துவிடும். பறவைக்கண் நோய் முதலில் குண்டூசித் தலை அளவில் பழுப்புப் புள்ளியாக வரும். பிறகு நடுப்பகுதி சாம்பல் நிறமாகும், சுற்றிலும் கறுப்பு வளையம் நிற்கும். பறவையின் கண் போல இருப்பதால்தான் அந்தப் பெயர். நடுப்பகுதி காய்ந்து உதிர்ந்ததும் ஓட்டை மட்டும் மிஞ்சும், அந்தக் கறுப்பு விளிம்பு அப்படியே இருக்கும். உங்கள் இரண்டாவது படத்தில் அந்த வளையம் தெளிவாகத் தெரிகிறது. தண்டில் நீங்கள் சொல்லும் புண்ணும் அதே நோய்தான். நடுவில் குழி விழுந்து, ஓரம் தடித்து, காற்றடித்தால் அந்த இடத்திலேயே தளிர் ஒடியும்.

வண்டு கடித்த ஓட்டையை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நாற்றுப் பண்ணையில் செம்பனைக் கன்றின் இலையை ராத்திரியில் ஓட்டை போடும் அப்போகோனியா, அடோரெட்டஸ் வண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த அடோரெட்டஸ் கூட்டம் ரோஜாவுக்கும் வரும், திராட்சைக்கும் வரும். அது கடித்தால் நரம்பை விட்டுவிட்டு நடுவில் சல்லடை போல இருக்கும், விளிம்பு பச்சையாகவோ வெளிர் பழுப்பாகவோ இருக்கும், கறுப்பு வளையம் இருக்காது, தண்டில் புண்ணும் இருக்காது. சந்தேகமாக இருந்தால் இரவு எட்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு பந்தலுக்கு அடியில் போய் நில்லுங்கள். வண்டு இருந்தால் கண்ணில் படாமல் போகாது.

இப்போது, நோய் ஏன் இவ்வளவு கடுமையாக வந்தது என்பதற்கு வருகிறேன். இந்தப் பூஞ்சணம் பழைய தண்டின் புண்களில் தங்கியிருக்கும். மழைத்துளி பட்டுத் தெறிக்கும்போது அதன் வித்துகள் புதுத் தளிருக்குப் போகும். முற்றிய இலையை அது பெரும்பாலும் தொடாது. இளம் இலை, இளம் தண்டு, இளம் பிஞ்சு, இவைதான் அதற்கு வேண்டும். ஆக இளந்தளிரும் மழையும் ஒரே நேரத்தில் சேர வேண்டும். தீபாவளிக் கவாத்து அந்த இரண்டையும் சேர்த்துவிட்டது. நம் மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர்தான் ஆண்டின் பெரிய மழை. தீபகற்பத்திலேயே அதிக மழை பெய்யும் தைப்பிங்குக்கு நீங்கள் பக்கம் வேறு.

எப்போது துளிர்க்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி குளிர் நாட்டு விவசாயிக்குக் கிடையாது. அங்கே கொடி குளிர்காலம் முழுக்கத் தூங்கி, வசந்தத்தில் தானாகத் துளிர்க்கும். அடிச்சாம்பல் நோய்க்கு (இலையின் அடியில் வெள்ளைப் பஞ்சு போல வரும் இன்னொரு மழை நோய்) அவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: தளிர் 10 சென்டிமீட்டர் ஆகி, 24 மணி நேரத்துக்குள் 10 மில்லிமீட்டர் மழை பெய்து, வெப்பம் 10 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் நோய் தொடங்கும். நமக்கு வெப்பம் எந்நாளும் அதற்கு மேல்தான், 10 மில்லிமீட்டர் மழை ஒரு சாயங்காலத்திலேயே கொட்டிவிடும். ஆனால் நம் கொடிக்குக் குளிர்கால உறக்கம் இல்லை. நாம் வெட்டினால்தான் ஒரே சீராகத் துளிர்க்கும். எந்த வாரத்தில் துளிர்க்க வேண்டும் என்று முடிவு செய்வது உங்கள் கையில் இருக்கும் கத்தரிக்கோல். மருந்தை விட இது பெரிய ஆயுதம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பால்மரத்தை (ரப்பர் மரத்தை) நினைத்துப் பாருங்கள். ஆண்டுத் தொடக்கத்தில், காய்ந்த காலம் பார்த்துத்தான் அது இலை உதிர்த்துத் துளிர்க்கும். அந்த நேரத்தில் மழை தூறி ஈரம் நின்றால் புதுத் தளிரில் சாம்பல் நோய் விழும். அதற்காகத்தான் அந்தக் காலத்தில் தோட்டங்களில் விடியற்காலையில், காற்று அசையாத நேரத்தில், கந்தகத்தூள் தூவினார்கள். எந்தப் பயிராக இருந்தாலும் தளிர்க்காலம்தான் ஆபத்தான காலம்.

நம் பக்கம் மழை குறையும் மாதங்கள் இரண்டு முறை வரும்: ஜனவரி, பிப்ரவரி ஒன்று, ஜூன், ஜூலை இன்னொன்று. கவாத்திலிருந்து ஏறக்குறைய 110 நாள் முதல் 120 நாளில் பழம். ஜனவரித் தொடக்கத்தில் வெட்டினால் தளிர் தப்பிக்கும், ஆனால் பழம் ஏப்ரல் கடைசியில், இரண்டாவது மழையில் மாட்டிக்கொண்டு வெடிக்கும். மே கடைசியில் வெட்டினால் ஜூன் இரண்டாம் வாரத்தில் துளிர்க்கும், ஜூலையில் பூக்கும், செப்டம்பரில் பழம், அக்டோபர் மழைக்கு முன்னால் பறித்து முடித்துவிடலாம். ஆண்டுக்கு ஒரு விளைச்சல் போதும் என்றால் மே கடைசியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

இரண்டாவது காரியம், கூரை. பந்தலுக்கு மேலே ஒரு முழம் இடைவெளி விட்டு, தெளிவான பிளாஸ்டிக்கை வளைவாகப் போட்டு, பக்கங்களைத் திறந்து விடுங்கள். தென் சீனாவிலும் ஜப்பானிலும் மழைப் பகுதித் திராட்சை இப்படித்தான் வளர்கிறது. உங்கள் பன்னீர் திராட்சையே 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கண்ணாடிக் கூடங்களில் வளர்த்துப் பெயர் பெற்ற இனம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையும் இதே இனம்தான் (தேனி மாவட்டத்துக் கம்பத்தைச் சொல்கிறேன்). அந்தப் பள்ளத்தாக்கு மலைத்தொடரின் மழை மறைவில் இருக்கிறது. நம் ஊரில் அந்த மறைவை நாம்தான் கட்டித் தர வேண்டும். ஆறு கொடிக்கு ஆகும் செலவு ஒரு முறைதான், மருந்துச் செலவோ ஒவ்வொரு பருவமும் வரும்.

கவாத்து நாளன்று செய்ய வேண்டிய வேலையைப் பலர் அரைகுறையாக விடுகிறார்கள். புண் உள்ள தண்டை ஒன்று விடாமல் வெட்டி எடுங்கள். கொடியில் மிஞ்சிய பழைய இலையையும் உருவி விடுங்கள், அடிச்சாம்பலும் துரு நோயும் அதில்தான் காத்திருக்கும். கீழே விழுந்ததைக் கூட்டி அள்ளிப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். திறந்தவெளியில் எரிப்பதற்குச் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது, பந்தலடியில் குவித்து வைப்பது அதைவிட மோசம். அடிமரத்தில் உரிந்து தொங்கும் பட்டையையும் தேய்த்து எடுங்கள், மாவுப்பூச்சி ஒளிந்திருக்கும் இடம் அது. பிறகு வெறும் கொடி முழுக்க ஒரு சதவீத போர்டோ கலவை அடியுங்கள்.

போர்டோ கலவைக்கு ஒரு கதை உண்டு. பிரான்சில் போர்டோ பக்கத்துத் தோட்டக்காரர்கள், வழிப்போக்கர் பழம் திருடாமல் இருக்கப் பாதையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசி வைத்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் வராததை மில்லார்தே என்ற தாவரவியலாளர் கவனித்து, 1885இல் அதை மருந்தாக அறிவித்தார். இன்றும் அது வேலை செய்கிறது. 10 லிட்டருக்கு 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் நீர்த்த சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்குங்கள், மாற்றி ஊற்றாதீர்கள். பளபளப்பான இரும்பு ஆணியைக் கொஞ்ச நேரம் நனைத்துப் பாருங்கள். செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேருங்கள். கலந்த அன்றே அடித்துவிட வேண்டும்.

இதே வலுவில் இளந்தளிருக்கு அடித்தால் கருகிவிடும். இரண்டு மூன்று இலை விரிந்ததும் பாதி வலுவில் அடியுங்கள், அல்லது மேங்கோசெப் வகைப் பூஞ்சண மருந்தை லேபிளில் உள்ள அளவில் அடியுங்கள். அதிலிருந்து பூக்கும் வரை ஏழு நாளுக்கு ஒரு முறை. ஏன் ஏழு என்றால், இவை எல்லாம் பட்ட இடத்தை மட்டும் காக்கும் மருந்து. இந்தப் பருவத்தில் தளிர் இரண்டு மூன்று நாளுக்கு ஓர் இலை விடும். ஒரு வாரத்தில் நுனியில் மூன்று இலை மருந்தே படாமல் நிற்கும். கூரை போட்டிருந்தால், காய்ந்த வாரத்தில் ஒரு சுற்றை விடலாம். மழைக்குப் பின் அடிப்பதை விட மழைக்கு முன் அடித்துக் காய விடுவதே பயன்.

அடிச்சாம்பலைத் தனியாகக் கவனியுங்கள். இலையின் மேலே எண்ணெய் பட்டது போல மஞ்சள் திட்டு, அடியில் வெள்ளைப் பஞ்சு. பஞ்சு தெரியாமல் மஞ்சள் மட்டும் இருந்தால், அந்த இலையை ஈரத் தாளோடு பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு ராத்திரி இருட்டில் வையுங்கள். காலையில் அடியில் வெள்ளையாக முளைத்திருந்தால் அதுவேதான். அது இலையின் அடிப்புறத் துளைகள் வழியாக நுழைகிற நோய். ஆகவே மருந்து அடிக்கும்போது முனையைக் கீழிருந்து மேலாகப் பிடியுங்கள். இலையின் முதுகை மட்டும் நனைத்துவிட்டு மருந்து சரியில்லை என்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கூரை போட்டால் ஒரு பக்க விளைவு உண்டு, மறைக்கக் கூடாது. மழை நோய் குறையும், சாம்பல் நோயும் இலைப்பேனும் கூடும், ஏனென்றால் இவற்றுக்கு மழை பிடிக்காது. சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் போதும், ஆனால் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நேரத்தில் அடித்தால் இலை வெந்துவிடும். விடியற்காலையில் அடியுங்கள். கந்தகம் அடித்த இரண்டு வாரத்துக்குள் எண்ணெய் மருந்து, வேப்பெண்ணெய் உட்பட, வேண்டாம். இலைப்பேன் ஓட்டை போடாது, வெள்ளி நிறத்தில் சுரண்டி இலையைக் கிண்ணம் போலச் சுருட்டும். தளிரை வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் நூல் துண்டு போல ஓடும். அப்போது மட்டும் பூச்சி மருந்தைப் பற்றி யோசிக்கலாம்.

வண்டு வந்தால் மொட்டு வீங்கும் வாரத்தில்தான் அதிக நஷ்டம், மொட்டையே தின்றுவிட்டால் அந்தக் கணுவில் பழம் இல்லை. ஆறு கொடிதானே, இரவில் துணி விரித்துக் கொடியைத் தட்டி, விழுவதைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். வேலியோரம் செம்பருத்தி இருக்கிறதே, அதன் நுனி சுருண்டு வெள்ளையாக இருந்தால் வெட்டி விடுங்கள், இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி அங்கிருந்து வரும். எறும்பு வரிசை கொடியில் ஏறுவது அதற்கு முதல் அறிகுறி.

யூரியாவை இந்த நேரத்தில் தொடாதீர்கள். முதல் சில வாரம் தளிர் அடிமரத்தில் சேர்த்து வைத்த சத்தில்தான் ஓடுகிறது. மேலே தழைச்சத்தைக் கொட்டினால் தண்டு குழைந்து நோய்க்கு விருந்தாகும்.

மருந்து கலக்கத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியும் என்பது எனக்கும் தெரியும், அதனால்தான் சொல்கிறேன். நம் பெண்கள் கையுறை இல்லாமல், முகமூடி இல்லாமல் முதுகில் தொட்டி சுமந்து எத்தனை வருஷம் பாராகுவாட் களைக்கொல்லி அடித்தார்கள். அது இந்த நாட்டில் தடையானது 2020 ஜனவரியில்தான். சொந்த வீட்டுப் பந்தலிலாவது நீளக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, முகமூடி நான்கும் போடுங்கள், தலைக்கு மேல் அடிப்பதால் துளி முகத்தில்தான் விழும். மொட்டு சீக்கிரம் வர ஹைட்ரஜன் சயனமைடு பூசச் சொல்லி யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். தோலில் பட்டாலே தீங்கு, பூசியவர் அதற்கு முன்னும் பின்னும் சில நாளுக்குள் மது குடித்தால் ஆபத்து இன்னும் கூடும்.

இப்போது இருக்கும் கொடிக்கு: மழை இல்லாத ஒரு காலையில் புண் விழுந்த தளிரை மட்டும் நறுக்கி எடுங்கள், உயிரோடு இருக்கும் இலையை விட்டு வையுங்கள். உடனே மறுபடி கவாத்து செய்யாதீர்கள். அடுத்தடுத்து இரண்டு முறை துளிர்த்தால் அடிமரத்துச் சத்து தீர்ந்துவிடும். இந்த ஜனவரியை விட்டுவிட்டு, தண்டு முற்றிப் பழுப்பாகட்டும். கூரையை ஏப்ரலுக்குள் போட்டு முடியுங்கள். மே கடைசி வாரத்தில் வெட்டி, மூன்றாவது இலை விரிந்ததும் ஒரு படம் அனுப்புங்கள், இலையின் அடிப்புறத்தையும் சேர்த்து.