இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உள்ளூராட்சிக்கும் அன்றாடப் பேச்சுக்கும் என்ன தொடர்பு?

சட்டத்தில் தேடினால் பாதிதான் தெரியும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்த 33ஆம் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. அதுவரை தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கூரை ஒழுகினாலும் பாதை உடைந்தாலும் முறையீடு துரையிடம், அதாவது தோட்ட முகாமையாளரிடம்தான். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் ஒருவர், “பீலியில் (பொதுத் தண்ணீர்க் குழாயில்) தண்ணீர் வரவில்லை” என்பார். கொழுந்து நிறுப்பதற்குள் அது தோட்டத் தலைவரின் (தொழிற்சங்கத்தின் தோட்டக் கிளைத் தலைவர்) காதுக்கு எட்டிவிடும். அவர் துரையிடம் பேசுவார். நடக்காவிட்டால் பிரதேச சபை உறுப்பினரைப் பிடிப்பார். மனு எழுதுவது அப்புறம்தான், எழுதினால்.

வேகமான வழிதான். ஆனால் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தலைவர்களோ பெரும்பாலும் ஆண்கள். கழிவறைப் பிரச்சினை அந்தக் காதுவரை போவதற்குள் கரைந்துவிடுகிறது.