பாட்டு வந்ததும் ஏன் இத்தனை சத்தம்?

கேள்வி: இங்கே பாரிஸில் பார்பேஸ் பக்கம் ஒரு சமூகக் கூடத்தில் பழைய எகிப்தியப் பாட்டுப் படம் போடுகிறார்கள் என்று கூட வேலை செய்யும் அல்ஜீரிய நண்பர் அழைத்தார், போனேன். 1949இல் வந்த ‘கஸல் அல் பனாத்’. பாட்டு வந்தாலே முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் சத்தம் போடுகிறார்கள், கை தட்டுகிறார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா, பாடகி வாய் திறக்கும் முன்பே அடுத்த வரியைப் பாடிவிடுகிறார். வசனத்துக்கு பிரெஞ்சு சப்டைட்டில் வந்தது, பாட்டுக்கு அதுவும் இல்லை. யூடியூபில் கிடைக்கிற படத்துக்கு எதற்கு இத்தனை பாடு? பழசைக் கட்டிக்கொண்டு அழுவதுதானே இது?
(வாசகர், லா சப்பல், பாரிஸ்)

பதில்: இல்லை. அந்தப் படத்தை எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படித்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

அரபியில் ‘தரப்’ என்று ஒரு சொல் உண்டு. பாட்டு ஒரு ஆளை அப்படியே ஆட்கொண்டுவிடும் நிலைக்கு அந்தப் பெயர். பாடுகிறவர் மட்டும் இருந்தால் அது வராது. கேட்கிறவர் ‘அல்லாஹ்!’ என்றோ ‘யா ஸலாம்!’ என்றோ வாய்விட்டுச் சொல்ல, அது காதில் விழுந்ததும் பாடுகிறவர் அதே வரியை வேறொரு விதமாகத் திருப்பிப் பாட, இப்படி இரண்டு பக்கமும் சேர்ந்துதான் அதை உண்டாக்குகிறார்கள். நம் கச்சேரியில் முன்வரிசையிலிருந்து ‘பலே’ வருகிறதே, கிட்டத்தட்ட அதுதான். திரையில் இருப்பவருக்கு இது கேட்காது, சரி. பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கேட்கிறதே! செல்போனை வைத்துக்கொண்டு தனியாகப் பார்க்கிறவருக்கு அது கிடைக்காது.

பழசு என்கிறீர்கள். அதை எடுத்தவர்கள் யார் என்று ஒருமுறை பாருங்கள். 1935இல் எகிப்தியத் தொழிலதிபர் தலாத் ஹர்பின் மிஸ்ர் வங்கி ‘ஸ்டூடியோ மிஸ்ர்’ என்ற படநிறுவனத்தைத் தொடங்கியது, அடுத்த ஆண்டே பாடகி உம் குல்ஸூம் நடித்த ‘விதாத்’ படம் வந்தது. அப்புறம் பாடத் தெரிந்தவர்கள் எல்லோரும் கேமராவுக்கு முன்னால் வந்து நின்றார்கள். நம் ஊரில் பாகவதரும் கே. பி. சுந்தராம்பாளும் நடித்த அதே காலம். பாடி நடித்த ஃபரீத் அல் அத்ரஷும் தங்கை அஸ்மஹானும் சிரியாவில் துரூஸ் என்ற சிறுபான்மைச் சமயத்தவர் வாழும் மலைப் பகுதிக்காரர்கள். அப்போது சிரியாவை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுக்குப் பயந்து தாயோடு எகிப்துக்கு ஓடிவந்த குழந்தைகள் அவர்கள். நீங்கள் பார்த்த படத்தின் நாயகி லைலா முராத், பாடகர் ஸக்கி முராதின் மகள், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஊர் விட்டு ஊர் வந்தவர்களும், பல மதத்தவரும் கெய்ரோவில் ஒன்றாக உட்கார்ந்து உண்டாக்கிய சினிமா இது. அதைப் பாரிஸில் ஊர் விட்டு வந்தவர்கள் உட்கார்ந்து பார்த்தால் ‘அழுகை’ என்று உங்களுக்கு ஏன் தோன்ற வேண்டும்?

இன்னொன்று. ஒரு அல்ஜீரியரும் ஒரு ஈராக்கியரும் அவரவர் வீட்டுப் பேச்சில் பேசினால் ஒருவருக்கொருவர் சட்டென்று புரியாது. ஆனால் கெய்ரோ பேச்சு இருவருக்குமே புரியும். அதில் பெரும்பங்கு இந்தப் படங்களுக்கும் பாட்டுகளுக்கும் உண்டு. உங்கள் நண்பர் எகிப்தியர் இல்லையே, அவர் ஏன் கூட்டிக்கொண்டு போனார் என்று யோசித்தீர்களா?

இது புது வழக்கமும் இல்லை. அமெரிக்காவில் ஆல்பர்ட் ரஷீத் என்பவர் 1930களில் டெட்ராய்ட்டில் தொடங்கி, எகிப்தியப் படங்களையும் இசைத்தட்டுகளையும் வரவழைத்து அங்கே குடியேறிய அரபு மக்களுக்குக் கொண்டுபோனார். அவ்வளவு தூரம் எதற்கு, உங்கள் லா சப்பலிலிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன், பார்பேஸில் இறங்கினால் லூக்ஸோர் தியேட்டர் நிற்கிறது. 1921இல் எகிப்தியக் கோயில் மாதிரி முகப்பு வைத்துக் கட்டியது. 1970களில் அந்த வட்டாரத்து வட ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் அரபுப் படமும் இந்திப் படமும் பார்த்த இடம் அது. 80களில் மூடினார்கள். 2003இல் நகராட்சி வாங்கி, 2013இல் திரும்பத் திறந்தது.

யூடியூபில் கிடைக்கிறது என்கிறீர்கள். அந்த மங்கலான பிரதிகளில் பல, ஏதோ ஒரு சாட்டிலைட் சேனலின் முத்திரையோடு ஓடுபவை. விடுங்கள்.

உங்கள் புகாரில் நியாயமானது ஒன்றே ஒன்று, அதை நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். பாட்டுக்கு சப்டைட்டில் இல்லை என்பது. அது பெரிய தப்பு. அந்தப் படத்தில் நடிகர் நகீப் அல் ரிஹானி ஏழை அரபு வாத்தியார், பாஷா பட்டம் பெற்ற ஒரு பெரிய மனிதரின் மகளுக்குப் பாடம் சொல்ல வந்து, வயதையும் மறந்து அவள் மேல் ஆசை வைத்துவிடுகிறார். கடைசியில் ஒரு பெரிய வீட்டில் பாடகர் முகம்மது அப்துல் வஹாப் வாத்தியக் குழுவோடு நின்று பாடுகிறார். காதலித்தவளுக்காகத் தன் சந்தோஷத்தையே விட்டுக்கொடுத்தவனைப் பற்றிய பாட்டு. வாத்தியார் ஓரமாக நின்று கேட்கிறார், கண் நிறைகிறது. வசனம் பேசி முடிக்க வேண்டிய விஷயத்தை அந்தப் பாட்டு முடித்துவிடுகிறது. வரி புரியாமல் பார்த்த உங்களுக்கு, ஒரு மனிதர் ஏன் அழுகிறார் என்றே தெரிந்திருக்காது. படம் வெளிவருவதற்குள், அந்த ஆண்டு ஜூனில், ரிஹானி இறந்துவிட்டார். அன்றைக்குத் தியேட்டரில் இருந்தவர்கள் அந்தக் கண்ணீரை எப்படிப் பார்த்திருப்பார்கள்!

பாரிஸில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்கும் உங்கள் கதிதான். வீட்டில் பேசுகிற அரபி தெரியும், பாட்டு வரி பிடிபடாது. அதே படத்தில் ‘அப்கத் ஹவ்வஸ்’ என்று அரபு எழுத்து வரிசையையே ராகம் போட்டுப் பாடும் பாட்டு இருக்கிறது. பாட்டியும் பேத்தியும் சேர்ந்து பாட அதைவிட வேறென்ன வேண்டும்?

உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். அந்த முன்வரிசைப் பெரியவர்களையே உட்கார வைத்து, பாட்டு வரிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு பிரெஞ்சில் எழுதச் சொல்லுங்கள். ஒரு படத்துக்கு இரண்டு மூன்று மாலை உட்கார்ந்தால் முடிந்துவிடும். யாரையும் சத்தம் போடாதே என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். அடுத்த காட்சிக்கு நீங்களும் போங்கள். அந்த அம்மாவுக்குப் பக்கத்திலேயே இடம் பிடியுங்கள், முந்திக்கொண்டு பாடிய வரிக்கு என்ன அர்த்தம் என்று அவரிடமே கேளுங்கள்.