வீடு திரும்பிய பதினெட்டாம் நாளில் மீண்டும் வார்டு: முதல் சிகிச்சையில் தவறா?

கேள்வி: என் அப்பாவுக்கு 73 வயது. இதயச் செயலிழப்பால் மூச்சுத்திணறி ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். தேறிவிட்டார் என்று அனுப்பினார்கள். பதினெட்டாம் நாள் நிமோனியா என்று மறுபடியும் சேர்க்க வேண்டியதாயிற்று. முதல் முறை அரைகுறையாகக் குணப்படுத்தி அனுப்பிவிட்டார்களா? மூன்றாம் முறை நேராமல் தடுக்க வழி உண்டா?

பதில்: அவருடைய மருத்துவக் கோப்பைப் பார்க்காமல் முதல் சிகிச்சைக்கு நான் நற்சான்று தர முடியாது. ஆனால் இரண்டாம் முறை வேறொரு நோய் வந்ததில் எனக்கு வியப்பில்லை. அமெரிக்காவில் மூத்த குடிமக்களுக்கான அரசுக் காப்பீட்டில் இருந்தவர்களைப் பற்றி 2009இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் 30 நாளுக்குள் மீண்டும் சேர்ந்திருந்தார். இதயச் செயலிழப்பில், அதாவது இதயம் ரத்தத்தைப் போதுமான அளவு இறைக்க முடியாமல் உடலில் நீர் தேங்கும் நோயில், இது நான்கில் ஒருவருக்கும் சற்று அதிகம். அப்படித் திரும்பி வந்த இதய நோயாளிகளில் மீண்டும் அதே நோய்க்காக வந்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. மற்றவர்களை நிமோனியா, சிறுநீரகக் கோளாறு என்று வேறு ஏதாவது ஒன்று கொண்டுவந்து சேர்த்தது.

ஏன் இப்படி? வார்டில் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் ரத்தம் எடுக்க எழுப்புவார்கள். பக்கத்துப் படுக்கையில் இரவெல்லாம் கருவி கூவும். காலை உணவு வரும் நேரத்தில் ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருப்பார்கள். திரும்பும்போது தட்டு ஆறிக்கிடக்கும். விழுந்துவிடக் கூடாதே என்று கழிப்பறைக்குக்கூட நடக்க விடமாட்டார்கள். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் சுமார் ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. உங்கள் அப்பா அந்த ஒன்பது நாளும் நோயோடு படுத்திருந்தவர். ஹார்லன் குரும்ஹோல்ஸ் என்ற இதயநோய் மருத்துவர் 2013இல் இந்தத் தளர்ச்சிக்குத் தனிப் பெயரே வைத்தார்: மருத்துவமனைக்குப் பிந்தைய நோய்க்குறித் தொகுப்பு. நோய் அடங்கியிருக்கும், எதிர்த்து நிற்கும் தெம்பு கரைந்திருக்கும். அந்த இடைவெளியில்தான் நிமோனியா நுழைகிறது.

ஆகவே வீட்டுக்கு வந்ததும் “முழு ஓய்வு” என்று கட்டிலில் கிடத்துவதை நான் ஏற்பதில்லை. அன்பினால் செய்யும் கெடுதல் அது. மருத்துவர் தடுக்காதவரை, ஒவ்வொரு வேளையும் எழுந்து உட்கார்ந்தே சாப்பிடட்டும். அறைக்குள் நாலைந்து முறை நடக்கட்டும்.

அடுத்தது மாத்திரைப் பெட்டி. அதைத்தான் நான் முதலில் கேட்டு வாங்குவேன். தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் பழைய நீர் மாத்திரை ஒரு பெயரில், மருத்துவமனையில் எழுதித்தந்தது வேறு பெயரில். உள்ளே மருந்து ஒன்றே. இரண்டையும் விழுங்கி, ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பழையதையும் புதியதையும் மேசையில் கொட்டி, எது தொடர்கிறது, எது நின்றுவிட்டது என்று மருத்துவரிடமே பிரித்து வாங்குங்கள். மூட்டுவலிக்கு என்று டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவை கிடந்தால் அவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அவை உடலில் நீரைத் தேக்கும்.

எடை பார்க்கும் கருவி ஒன்று வீட்டில் இருக்கட்டும். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன்பு எடை பார்த்துக் குறியுங்கள். மூன்றே நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். கால் வீங்கும்வரை காத்திராமல் அன்றே தொலைபேசியில் சொல்லுங்கள்.

வீடு திரும்பிய ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாளுக்குள் மருத்துவர் அவரை நேரில் பார்த்துவிட வேண்டும். மேலே சொன்ன 2009ஆம் ஆண்டு ஆய்வில், 30 நாளுக்குள் மீண்டும் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் இடையில் எந்த மருத்துவரையும் பார்த்ததற்கான பதிவே இல்லை. ஃப்ளூ, நிமோகாக்கஸ் (நிமோனியாவை உண்டாக்கும் ஒரு கிருமி) தடுப்பூசிகளைப் பற்றியும் அப்போதே கேளுங்கள்.

நிமோனியா முதியவர்களுக்குக் காய்ச்சலோடுதான் வரும் என்று நினைக்காதீர்கள். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று பேச்சுத் தடுமாறினால், சோற்றை ஒதுக்கினால், மூச்சு வேகமானால் அன்றே காட்டுங்கள். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறார் என்றால், இரவு எத்தனை மணியானாலும் விடியட்டும் என்று இருக்காமல் உடனே புறப்படுங்கள்.