என் கடன் சரி, உங்கள் கடன்?

கேள்வி: பச்சைத் தேயிலை வாங்கி அரைக்கும் சின்ன ஃபேக்டரி நடத்துகிறேன். வேலையாட்கள் கண்ணில் படும்படி 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்ற அப்பர் வாக்கைப் பெரிதாக எழுதி மாட்டினேன். பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள். இரண்டு மாதமாகச் சம்பளம் பத்து நாள் தள்ளிப்போனதற்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். வேலையும் ஏதோ 'கடமைக்கு'த்தான் நடக்கிறது. கடமை என்ற சொல்லுக்கே இந்தக் காலத்தில் பொருள் போய்விட்டதா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: பொருள் பத்திரமாக இருக்கிறது. உங்கள் பலகையில்தான் ஒரு வரி குறைகிறது. திருக்கடம்பூர்ப் பதிகத்தில் வரும் பாட்டின் கடைசி அடியை மட்டும் பெயின்டரிடம் கொடுத்திருக்கிறீர்கள். அதற்கு முந்தைய அடி 'தன்கடன் அடியேனையும் தாங்குதல்'. என்னைத் தாங்குவது அவன் கடன், பணி செய்து கிடப்பது என் கடன். ஆண்டவனின் கடனைச் சொல்லிவிட்டுத்தான் அப்பர் தன் கடனுக்கே வருகிறார். சிரித்தவர்களில் தேவாரம் தெரிந்தவர் ஒருவராவது இருக்கக்கூடும். தெரியாதவர்கள் சிரித்ததற்கான காரணமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: பத்து நாள்.

அப்பரை அழைத்தீர்கள், அவருடைய கூலிக் கணக்கையும் பார்த்துவிடலாம். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பருக்கும் சம்பந்தருக்கும் சிவபெருமான் தினம் ஒரு பொற்காசு வைத்தார் என்கிறது பெரியபுராணம். தினம், ஐயா! சம்பந்தரின் காசை மாற்றப் போனால் கடைக்காரர்கள் வட்டம் பிடித்தார்கள், அதாவது மதிப்பில் கொஞ்சம் கழித்துக்கொண்டார்கள். அப்பருடையது முழு விலைக்குப் போனது. அவர் புல் செதுக்கும் உழவாரமும் கையுமாகக் கோயிலில் உடம்பால் உழைத்தவர், அதனால் அவருக்கு நல்ல காசு. சம்பந்தரும் சும்மா இருக்கவில்லை, 'வாசி தீரவே காசு நல்குவீர்', அந்தக் கழிவு இல்லாத காசாகக் கொடுங்கள் என்று பாடியே கேட்டார். கேட்டவர் முகம் தூக்குகிறார் என்று அந்த முதலாளி யாருக்கும் கடிதம் எழுதியதாகத் தெரியவில்லை.

கடன் என்றாலே இரண்டு முனை உண்டு, தர வேண்டியவர் ஒருவர், பெற வேண்டியவர் ஒருவர். புறநானூற்று 312ஆம் பாட்டில் பொன்முடியார் ஐந்து கடன்களை அடுக்குகிறார். பெற்று வளர்ப்பது தாய்க்கு, சான்றோன் ஆக்குவது தந்தைக்கு, வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்கு, அப்புறம் வேந்தனுக்கு ஒன்று. களிறு எறிந்து மீளும் காளையின் கடன் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வருகிறது. கொல்லன் வேல் தராமல் பையன் எதைக் கொண்டு எறிவான்?

கடமையின் கதை கொஞ்சம் வேறு. சோழர் காலக் கல்வெட்டுகளில் கடமை என்றால் நிலவரி. வாங்குகிறவன் பக்கத்திலிருந்து பார்த்தால் கடமை எப்போதும் அடுத்தவன் கட்ட வேண்டியதாகத்தான் தெரியும். இன்றும் அந்தச் சொல்லை மேலிருப்பவர்கள் அதிகம் சொல்வதும் கீழிருப்பவர்கள் அதிகம் கேட்பதும் எனக்குத் தற்செயலாகப் படவில்லை.

அதற்குப் பதிலடியாகத்தான் பேச்சுத் தமிழ் ஒரு வேலை செய்திருக்கிறது. 'கடமையைச் செய்தான்' என்றால் பாராட்டு. ஐயை எடுத்துவிட்டுக் குவ்வைப் போட்டுக் 'கடமைக்குச் செய்தான்' என்றால் வசவு. ஒரு வேற்றுமை உருபில் ஆள் கவிழ்ந்துவிடுகிறான். 'கடனேன்னு' என்பது இதற்கு அக்கா. போன வாரம் டானிங்டன் டீக்கடையில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். நனைந்த குடையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் டீயை ஊதிக்கொண்டிருந்தார்கள்.

"எழவு வீட்டுக்குப் போனீங்களாக்கா?"

"கடனேன்னு போயித் தலையைக் காட்டிட்டு வந்தேன் போ. என்ன பண்றது, எங்க மாமியா செத்தப்ப ராத்திரி பூரா உக்காந்திருந்தவளாச்சே அவ."

சலிப்பாகத்தான் சொன்னார். ஆனால் சொன்ன கையோடு கணக்கின் மறுமுனையையும் எடுத்து வைத்துவிட்டார், பாருங்கள். அங்கே ஒரு ராத்திரி வரவு இருந்தது, அதனால் இங்கே ஒரு பகல் செலவு. உங்கள் ஆட்கள் கடமைக்குச் செய்கிறார்கள் என்றால், வரவுப் பத்தியை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். (காலைக்கடன் மட்டும்தான் யாருடைய வரவையும் எதிர்பார்க்காமல் நடக்கிற கடன்.)

வள்ளுவர் 'கைம்மாறு வேண்டா கடப்பாடு' என்றாரே என்று அடுத்த வாரம் எழுதுவீர்கள். அவர் சொன்னது மழையை. ஊருக்கு உதவுகிற வசதியுள்ளவர் மழைபோலத் திருப்பி எதிர்பார்க்காமல் கொடுக்கட்டும் என்பது ஒப்புரவு அதிகாரத்தின் பேச்சு. அந்தக் குறளை மாட்டுவதானால் உங்கள் மேசைக்கு எதிர்ச் சுவரில் மாட்டுங்கள்.

குன்னூர் ஏலத்தில் தூளுக்கு விலை இல்லை, நான் என்ன செய்வது என்பீர்கள். நியாயம்தான். அதற்குத் தமிழில் உள்ள சொல் பொறுப்பு. பொறுத்தல் என்றால் சுமத்தல். நம் நீலகிரி மலை ரயில் கல்லாறு தாண்டிப் பல்சக்கரப் பாதையில் ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். முதல் பெட்டியின் முகப்பில் கொடியோடு ஒருவர் நிற்பார், பெட்டிக்குப் பெட்டி பிரேக்கில் ஆள் இருப்பார். சரிவில் யார் கையில் பிரேக் இருக்கிறதோ அவருக்குத்தான் பொறுப்பு, பயணிக்கு இல்லை. ஏல விலை இறங்குகிற மாதத்தில் பிரேக் உங்கள் கையில். சம்பளம் பிந்தும் என்றால் தேதிக்கு முன்பே ஆட்களைக் கூப்பிட்டு, என்றைக்குக் கிடைக்கும் என்று சொல்லியிருக்கலாம்.

பலகையைக் கழற்ற வேண்டாம். மேலே இடம் இருந்தால் அந்த முந்தைய அடியையும் எழுதச் சொல்லுங்கள். பெயின்டர் கூலியை மட்டும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.